திருப்பூர்ல பிசினஸ் டல்லா இருக்கறப்ப டிபன் கடை போடலாமான்னு கேட்ட தம்பிக்கு

நீங்க எழுதுனத சுருக்கிச் சொல்றேன், நான் சரியா புரிஞ்சுக்கிட்டனான்னு பாருங்க. எக்ஸ்போர்ட் கம்பெனில ஆர்டர் பாத்துக்கற மெர்ச்சண்டைசரா இருந்தீங்க, அமெரிக்காக்காரன் வரி போட்டதுக்கப்புறம் ஆர்டர் நின்னு வேலை போச்சு, பிஎஃப்பு சேமிப்பு எல்லாம் சேர்த்தா கையில 12 லட்சம் இருக்கு, மெயின் ரோடான பி.என். ரோட்டுப் பக்கம் சைவ டிபன் கடை போடலாம்னு யோசனை. "என்ன மந்தம் வந்தாலும் மனுசன் சாப்பிட்டுத்தானே ஆகணும், ஹோட்டலுக்கு மட்டும் நஷ்டமே வராதுங்கறாங்களே, நெசமா"ன்னு கேட்டிருக்கீங்க. ஆனா நீங்க எழுதுனதுல பாதி வரி பொண்டாட்டி, குழந்தை ஸ்கூல் ஃபீஸ், வீட்டு வாடகை பத்தித்தான் இருக்கு. அதனால உங்க கேள்வி ஹோட்டல் தொழில் நல்லதா கெட்டதாங்கறது இல்லைங்க, இந்த 12 லட்சம் கரைஞ்சு போச்சுன்னா நான் மறுபடி எந்திரிக்க முடியுமாங்கறதுதான். அதுக்கே பதில் சொல்றேன்.

நான் சமையல்காரன் இல்லைங்க. திருப்பூர், அவிநாசி, பல்லடம் சுத்து வட்டாரத்துல சின்ன ஹோட்டல், மெஸ், பேக்கரி, டீக்கடைகளுக்கு ரொம்ப வருஷமா கணக்கு எழுதறவன். தினம் கல்லாவுல என்ன விழுகுது, மாசக் கடைசில என்ன நிக்குதுங்கறது எனக்குத் தெரியும். உங்க சாம்பார் நிக்குமா நிக்காதாங்கறத நான் சொல்ல முடியாது. பெரிய ஏசி ரெஸ்டாரண்ட், ஃபிரான்சைஸ் இதெல்லாம் என் கணக்குல இல்லை, அதுக்கு நான் சொல்றத அப்படியே எடுத்துக்காதீங்க.

மனுசன் சாப்பிட்டுத்தான் ஆகணும், அது சரி. ஆனா உங்க கடையில சாப்பிடணும்னு இல்லையே. காசு முடை வந்தா முதல்ல வெளிய சாப்பிடறதத்தான் குறைப்பாங்க, ரேஷன் அரிசி வீட்லயே வேகும். நம்ம ஊர்ல இது எப்படி நடக்கும்னா, பனியன் கம்பெனில ஒன்றரை ஷிப்ட் ஓடுச்சுன்னா காலைல எட்டரைக்கு உள்ள போனவங்க நைட் எட்டரைக்குத்தான் வெளிய வருவாங்க, அதுக்கு மேல வீட்டுக்குப் போயி அடுப்புப் பத்தவைக்க யாருக்கும் தெம்பு இருக்காது, ரோட்டோரம் இருக்கற கடையில பரோட்டாவோ தோசையோ பார்சல் கட்டிட்டுப் போவாங்க. ஆர்டர் குறைஞ்சா கம்பெனிக்காரங்க உடனே ஆள வேலைய விட்டு நிறுத்தறதில்ல, ஒன்றரை ஷிப்ட்ட ஒரு ஷிப்ட்டா குறைப்பாங்க. அஞ்சரை மணிக்கே வீட்டுக்குப் போற ஆளு வீட்லயேதான் சாப்பிடுவாரு. அதனால மந்தம்னு பேப்பர்ல வர்றதுக்கு முன்னாடியே நம்ம ஊரு ஹோட்டல்கள்ல நைட் வியாபாரம் விழுந்துரும். அடுத்து விழுகறது சனிக்கிழமை சாயந்திரமும் ஞாயித்துக்கிழமையும், ஏன்னா வாரச் சம்பளம் சனிக்கிழமை கைக்கு வருது, கவர் மெலிசானா குடும்பத்தோட வெளிய சாப்பிடறது நின்னுரும். கடைசி வரைக்கும் தாக்குப் பிடிக்கறது காலை டிபனும் மத்தியானம் அளவு சாப்பாடும்தான். ரூம்ல தங்கி வேலை பாக்கற பசங்களுக்கு அதுக்கு வேற வழி இல்லை. இன்னொன்னும் நடக்கும், ஏசி ஹோட்டல்ல சாப்பிட்டவங்க மெஸ்ஸுக்கு இறங்குவாங்க, மெஸ்ல சாப்பிட்டவங்க தள்ளுவண்டிக்கு இறங்குவாங்க. அப்படி இறங்கி வர்றவங்க வந்து நிக்கற இடத்துல உங்க கடை இருந்தா மந்தத்துலயும் ஓடும், அவங்க விட்டுட்டுப் போற இடத்துல இருந்தா ஓடாது.

நம்ம ஊருக்கு இது முதல் அடி இல்லைங்க. 2011 ஜனவரில ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப, பட்டறைய நம்பி இருந்த டீக்கடைங்க எல்லாம் ஒரே வாரத்துல காலியாச்சு, அடுத்த வருஷம் கரண்ட் கட்டு வந்து ஜெனரேட்டர் டீசலுக்கே லாபம் போச்சு, 2016 நவம்பர்ல 500, 1000 நோட்டு செல்லாதுன்னு சொன்னப்ப வாரச் சம்பளமே தடுமாறுச்சு, 2020 மார்ச்ல ஊரடங்கு போட்டப்ப பார்சல் மட்டும்தான், ஜூன்லதான் பாதி சீட்டு வச்சு உக்காந்து சாப்பிட விட்டாங்க, அதுக்குள்ள வடநாட்டுப் பசங்க ஊருக்குப் போயிட்டாங்க. அப்புறம் 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. வருஷம் 40,000 கோடிக்கு மேல பனியன் ஏத்துமதி பண்ற ஊரு, அதுல பெரிய பங்கு அமெரிக்காவுக்குப் போறது, அடி விழாம இருக்குமா. இந்த ஒவ்வொரு அடிக்கும் மூடுன கடை கணக்கும் தப்பிச்ச கடை கணக்கும் என் கையில வந்திருக்கு. மூடுனதுல ருசி இல்லாம மூடுனது கொஞ்சம்தான். கூட்டம் இருந்த கடைங்கதான் நிறைய மூடுச்சு. தப்பிச்ச கடைகள்ல நான் பார்த்தது, வாடகை கம்மி, வீட்டாளுங்களே வேலை பார்த்தாங்க, கடன் குடுக்கல. இந்த மூணுல குறைஞ்சது ரெண்டு இருந்துச்சு.

இன்னொன்ன பலரும் தப்பா நினைக்கறாங்க, மந்தம்னா விலைவாசி இறங்கும், நமக்குச் செலவு குறையும்னு. ஹோட்டல்காரன் வாங்கற சாமானுக்கு அப்படி நடக்கறதில்லை. பாமாயில் விலைய இந்தோனேசியாவும் மலேசியாவும் டெல்லியும் சேர்ந்து முடிவு பண்றாங்க. 2022 ஏப்ரல் கடைசில இந்தோனேசியா ஏத்துமதிய நிறுத்துனப்ப நம்ம ஊரு வடை சின்னதாச்சு, 2024 செப்டம்பர்ல மத்திய அரசு சமையல் எண்ணெய்க்கு இறக்குமதி வரிய ஏத்துனப்ப மறுபடியும், 2025 மே கடைசில சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்குக் கொஞ்சம் குறைச்சாங்க. 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் 2022 மே மாசம் சென்னையில 2,500 ரூபாயைத் தாண்டுச்சு. தக்காளி 2023 ஜூலைல 100 ரூபாய்க்கு மேல போச்சு. இதுக்கெல்லாம் திருப்பூர்ல ஆர்டர் இருக்கா இல்லையாங்கற கவலையே இல்லை. ஆனா இட்லி விலைய ரெண்டு ரூபாய் ஏத்துனா அன்னைக்கே பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க.

அப்ப மந்தத்துல எதுதான் இறங்கும்? கடை அட்வான்ஸ், வாடகை, பழைய பாத்திரம் விலை. இதுதான் உங்களுக்கு இப்ப இருக்கற ஒரே நல்ல விஷயம், இத விடாதீங்க. நல்ல நேரத்துல பத்து மாச அட்வான்ஸ் கேக்கற ஓனரு, கடை ஆறு மாசமா பூட்டிக் கெடந்தா நாலு மாசத்துக்கு இறங்குவாரு, முதல் மாசம் வாடகை இல்லாம பெயின்ட் அடிச்சுக்கறேன்னாலும் சரிம்பாரு. மூடுன ஹோட்டல் கிரைண்டர், தோசைக்கல், பாய்லர், ஸ்டீல் டேபிள் எல்லாம் பாதி விலைக்குக் கீழயே கிடைக்கும், புதுசு வாங்க வேண்டியது எக்ஸாஸ்ட் ஃபேனும் கேஸ் ட்யூபு ரெகுலேட்டரும்தான், அதுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. "ரன்னிங் ஹோட்டல் விற்பனைக்கு"ன்னு போர்டு பார்த்தா ஆசைப்பட்டு குட்வில்லுன்னு, அதாவது கடைப் பேருக்குன்னு தனியா, பணம் குடுத்துறாதீங்க. நல்லா ஓடுற கடைய இந்த நேரத்துல ஏன் விக்கறாங்கங்கற கேள்விக்குப் பதில் கிடைக்கற வரைக்கும் ஒரு ரூபாய் டோக்கன் அட்வான்ஸ்கூட வேண்டாம். பழைய ஆளு ஈபி பாக்கி வச்சிருக்காரான்னும் பாருங்க.

இப்ப கணக்குக்கு வர்றேன், ஒரு பேப்பர் எடுத்து நீங்களும் போட்டுப் பாருங்க. பி.என். ரோட்டுக் கடைன்னு நீங்க சொன்னத வச்சே மாச வாடகை 20,000னு வைங்க, ஒரு நாளைக்கு 700 ரூபாய். மாஸ்டர் 1,100, உள்ள ஒரு ஹெல்ப்பர் 700, ஒரு சப்ளையர் 600, பாத்திரம் கழுவி டேபிள் துடைக்க ஒருத்தர் 500, ஆக கூலி 2,900. சிலிண்டர் ஒண்ணு ரெண்டு நாள் வரும்னு வச்சா நாளைக்கு 900. கரண்டு 200. இலை, பார்சல் கவர், தண்ணி 300. மொத்தம் 5,000. கடை திறந்தா இது போயே தீரும், பத்து பேரு வந்தாலும் சரி இருநூறு பேரு வந்தாலும் சரி. மளிகை, காய், பால், எண்ணெய் எல்லாம் விக்கற விலையில 45 சதவீதம்னு எடுத்துக்கங்க, புதுசா தொழிலுக்கு வர்றவங்களுக்கு மீந்து போறதையும் சேர்த்தா அதுக்குக் குறைய மாட்டேங்குது. அப்ப 100 ரூபாய் வித்தா 55தான் கையில நிக்கும். அந்த 55 வச்சு 5,000 அடைக்கணும்னா நாளைக்கு 9,100 ரூபாய் விக்கணும், உங்க வீட்டுக்கு நாளைக்கு 800 எடுக்கணும்னா 10,500 விக்கணும். ஒரு ஆளு 60 ரூபாய்க்குச் சாப்பிட்டா 175 பேரு, தினமும். நல்ல இடத்துல நல்ல நேரத்துல இது நடக்கும். மந்தத்துல 30 சதவீதம் குறைஞ்சு 7,350 ஆச்சுன்னு வைங்க, கையில நிக்கறது 4,040, கடைக்கே 960 ரூபாய் துண்டு விழும், வீட்டுச் செலவு 800ஐயும் சேர்த்தா நாளைக்கு 1,760, மாசம் 53,000 உங்க சேமிப்புல இருந்து போகும். பாக்கறவங்களுக்குக் கடையில எப்பவும் கூட்டம் இருக்கற மாதிரியே தெரியும், 120 பேரு வந்து போற கடைதானே. உள்ளுக்குள்ள காசு கரையும்.

அதே கடையில நீங்களும் வீட்ல இருக்கறவங்களும் எறங்கி வேலை செஞ்சு ஹெல்ப்பர், சப்ளையர் ரெண்டு பேரு கூலி 1,300ஐ மிச்சம் பண்ணுனா, அதே 7,350 வியாபாரத்துல கடை செலவு போக 340 ரூபாய் நிக்கும். வீட்டுச் செலவுக்கு அது பத்தாதுதான், ஆனா கடை உசுரோட இருக்கும், நல்ல காலம் வர்ற வரைக்கும் காத்திருக்கலாம். 340க்கும் மைனஸ் 960க்கும் நடுவுல இருக்கறது சமையல் திறமை இல்லைங்க, ரெண்டு ஆளு கூலி. எத்தனையோ கணக்கு நோட்டுல இதப் பார்த்துட்டேன். அதனால கடைய எடுக்கறதுக்கு முன்னாடி வீட்ல பேசுங்க, காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு சட்னி அரைக்க அவங்க தயாரா, அவங்க உடம்பு தாங்குமா, குழந்தைய யாரு ஸ்கூலுக்குக் கிளப்பி விடறது. கடை உங்க ஆசை, பாதி வேலை அவங்க தலையில விழும், அவங்க வேண்டாம்னா அதுக்கு மேல யோசிக்காதீங்க.

12 லட்சத்துல கடைக்குள்ள போடறது அஞ்சு லட்சத்தத் தாண்டக் கூடாதுன்னு என் அபிப்பிராயம். அட்வான்ஸ், பாத்திரம், போர்டு, லைசென்ஸ், முதல் மாச மளிகை எல்லாம் அதுக்குள்ள. நாலு லட்சம் கடை துண்டு விழுந்தா அடைக்க, மூணு லட்சம் வீட்டுக்கு, அதத் தொடறதே இல்லைன்னு வேற அக்கவுண்ட்ல போட்டுருங்க. அஞ்சு லட்சத்துக்குள்ள அடங்காத கடைன்னா அது இப்ப உங்களுக்கான கடை இல்லை.

அடுத்தது கடன் நோட்டு. இத நான் அழுத்திச் சொல்றேன், ஏன்னா திருப்பூர்ல டிபன் கடையும் டீக்கடையும் சாகறது பெரும்பாலும் இதுலதான். பக்கத்துல இருக்கற, கம்பெனிக்குத் தச்சுக் குடுக்கற செக்‌ஷன்ல இருந்து சூப்பர்வைசர் வருவாரு, தினம் காலைல 18 டீ, சாயந்திரம் 18 டீ 18 வடை, நைட் ஓடுனா டிபன், நோட்டுல எழுதிக்கங்க, பத்தாம் தேதி செட்டில் பண்ணிடறோம்பாரு. லாங் சைஸ் நோட்டுல அந்தக் கம்பெனிக்குன்னு ஒரு பக்கம் ஒதுக்குவீங்க, அவரு தினம் கையெழுத்துப் போடுவாரு. மொத ரெண்டு மாசம் பத்தாம் தேதி டான்னு வரும். அப்புறம் பத்து இருபத்தஞ்சாகும், அப்புறம் பாதிப் பணம் வரும், பில்லு இன்னும் பாஸ் ஆகலைங்கம்பாங்க, ஒரு நாள் போயி பார்த்தா செக்‌ஷனே காலி, மெஷின ஏத்திட்டுப் போயிருப்பாங்க. அவங்க எல்லாரையும் கெட்டவங்கன்னு சொல்ல வரல. கூலிக்கு ஜாப் ஒர்க் பண்றவருக்கு மேல ஆர்டர் குடுத்த கம்பெனில இருந்து பணம் வரல, அவரு உங்களுக்குத் தரல, நீங்க மளிகைக் கடைக்குத் தரல. சங்கிலில கடைசி ஆளுக்குத்தான் அடி. நல்ல நேரத்துல ஒரு மாசக் கடன் தாங்கும். இப்ப வாரக் கணக்குக்கு மேல யாருக்கும் குடுக்காதீங்க, சனிக்கிழமை சம்பளம் போடற அன்னைக்கே வாங்கிருங்க, ஒரு வாரம் தவறுனா அடுத்த வாரம் டீ போகக் கூடாது. முன்பணம் கட்டி டோக்கன் வாங்குனா மாசத்துக்கு ரெண்டு சாப்பாடு சேர்த்துத் தர்றேன்னு ரூம் பசங்ககிட்ட சொல்லிப் பாருங்க, அந்தப் பணம் மாச ஆரம்பத்துலயே கைக்கு வந்துரும்.

பணம் பத்தலைன்னா தண்டலுக்குப் போகாதீங்க. 10,000னு சொல்லி 8,500 கையில குடுத்துட்டு தினம் 100 ரூபாய் 100 நாள் வாங்குவாங்க, கேக்க லேசா இருக்கும், ஆனா தினம் அசல் குறைஞ்சுக்கிட்டே வர்றதக் கணக்குல எடுத்தா வட்டி வருஷத்துக்கு 100 சதவீதத்தத் தாண்டும். எந்த இட்லிலயும் அந்த லாபம் இல்லை. பேங்க் லோன் வேணும்னா மாவட்டத் தொழில் மையத்துல போயி பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தப் பத்திக் கேளுங்க, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரைக்கும் திட்டம் போடலாம், டவுன்ல பொதுப்பிரிவுக்கு 15 சதவீதம், பெண்கள் பேருல போட்டா 25 சதவீதம் மானியம். ஒண்ணு ஞாபகம் வைங்க, அது புதுசா ஆரம்பிக்கற தொழிலுக்குத்தான், கடைய திறந்துட்டுப் போயி நின்னா கிடைக்காது. பேங்க்ல எவ்வளவு நாள் இழுப்பாங்கங்கறது கிளைக்குக் கிளை மாறும், அந்தப் பணம் வரும்னு நம்பி வாடகை ஆரம்பிச்சுறாதீங்க.

வரி விஷயம் கொஞ்சம் சொல்லிடறேன். வருஷம் 20 லட்சம் வியாபாரம் தாண்டுனா ஜிஎஸ்டி எடுக்கணும், 20 லட்சம்ங்கறது நாளைக்கு 5,500தான், அதனால மேல சொன்ன கடைக்குக் கண்டிப்பா வரும். சாப்பாட்டுக்கு 5 சதவீதம், ஆனா நீங்க வாங்குன சாமானுக்குக் கட்டுன வரிய கழிச்சுக்க முடியாது, 2017 நவம்பர்ல இருந்து அப்படித்தான். அதனால கிரைண்டர் கொட்டேஷன்ல "ஜிஎஸ்டி தனி"ன்னு இருந்தா அது உங்க கைக்காசு. வாடகைல ஒரு சிக்கல் இருக்கு, 2024 அக்டோபர் 10ல இருந்து ஓனருக்கு ஜிஎஸ்டி இல்லாம உங்களுக்கு இருந்தா, வாடகைக்கு 18 சதவீதம் நீங்க கட்டணும், 20,000 வாடகைக்கு மாசம் 3,600. காம்போசிஷன்ங்கற சின்ன வியாபாரிங்க வரித் திட்டத்துல இருக்கறவங்களுக்கு அப்புறம் அதுல இருந்து விலக்கு குடுத்தாங்க, ஆனா காம்போசிஷன்ல போனா கஸ்டமர்கிட்ட வரி தனியா வாங்க முடியாது. எது தோதுன்னு உங்க விற்பனைய வச்சு ஆடிட்டர்கிட்ட உக்காந்து பேசித்தான் முடிவு பண்ணணும். உணவுப் பாதுகாப்பு லைசென்ஸும் மாநகராட்சி தொழில் உரிமமும் நேரா நீங்களே போயி எடுங்க, புரோக்கருக்குக் குடுக்கற காசுல ஒரு மாசம் கேஸ் வாங்கலாம்.

பத்து ஹோட்டல் திறந்தா ஒம்பது முதல் வருஷமே மூடிரும்னு யாரோ சொன்னதா எழுதியிருந்தீங்க. அது அப்படி இல்லை. அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகரத்துல பார்சாங்கற பேராசிரியரும் கூட இருந்தவங்களும் ஆராய்ச்சி பண்ணி 2005ல வெளியிட்டாங்க, முதல் வருஷம் மூடுனதோ கை மாறுனதோ ஏறக்குறைய 26 சதவீதம், மூணு வருஷத்துக்குள்ள 60 சதவீதம். அந்த ஊரு நம்பர நம்ம ஊருக்கு ஒட்டி வைக்க முடியாது. ஆனா என் நோட்டுல பார்த்தா முதல் வருஷத்த விட ரெண்டாவது மூணாவது வருஷம்தான் ஆளைச் சாய்ச்சிருக்கு, ஏன்னா முதல் வருஷம் சேமிப்புல ஓட்டிருவாங்க. அமெரிக்கா வரி எப்படி மாறும், ஆர்டர் எப்ப திரும்பும்னு யாராவது உறுதியா சொன்னா அத நம்பி அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போடாதீங்க.

என்னைக் கேட்டா, உங்க நிலைமைக்கு மெயின் ரோட்டுக் கடை இப்ப வேண்டாம். ரூம் எடுத்துத் தங்குற பசங்க நிறைய இருக்கற சந்துக்குள்ள, வாடகை 8,000, 9,000ல சின்ன இடமா பாருங்க, காலைல இட்லி, பொங்கல், தோசை, மத்தியானம் தக்காளி சாதம் தயிர் சாதம், ரெண்டு மணியோட மூடிருங்க. நைட் கடை வேண்டாம், விழுந்து கெடக்கற வியாபாரத்துக்குள்ள போயி ஏன் எறங்கணும். ஐட்டம் ஆறுக்கு மேல போனா மீந்து போறது கூடும். டெலிவரி ஆப்ல போடலாமான்னு கேட்டீங்க, கமிஷன், விளம்பரம், தள்ளுபடி எல்லாம் சேர்த்தா பில்லுல கால் பங்கு போயிரும், 60 ரூபாய் டிபனுக்கு அது கட்டாது, அந்த விலையில உங்களுக்கு அது வேண்டாம்.

இடம் பார்த்த உடனே அட்வான்ஸ் குடுக்காம ரெண்டு வாரம் எதிர்ல நின்னு எண்ணுங்க, காலைல ஏழுல இருந்து எட்டரை வரைக்கும், மத்தியானம் ஒரு மணி, எத்தனை பேரு நடந்து போறாங்க, எத்தனை பேரு வீட்டுச் சாப்பாட்டோட தூக்குப்போசி கொண்டு போறாங்க. தூக்குப்போசி அதிகமா இருந்தா அந்தச் சந்துல உங்களுக்கு மத்தியான வியாபாரம் இல்லை. திங்கக்கிழமையும் பாருங்க சனிக்கிழமையும் பாருங்க. இடம் ஒத்து வந்துச்சுன்னா 11 மாச அக்ரிமென்ட்ல மூணு விஷயம் எழுத்துல இருக்கணும், காலி பண்ணுனா எத்தனை நாள்ல அட்வான்ஸ் திரும்ப வரும், வருஷத்துக்கு வாடகை எவ்வளவு ஏறும், நீங்க வச்ச சிங்க், மேடை, எக்ஸாஸ்ட்ட கழட்டிக்கலாமா கூடாதா. டிராஃப்ட் வந்ததும் ஓனர் பேரு ஃபோன் நம்பர் மறைச்சுட்டு இங்கயே போடுங்க, நான் பார்த்துச் சொல்றேன்.